அறியாத சாதனம்

வைஃபை பெட்டியின் மின்கம்பியைச் சுவரிலிருந்து பிடுங்கிக் கையில் வைத்துக்கொண்டு நிற்கும்போதே அந்த எச்சரிக்கை மறுபடி வந்தது.

கம்ப்யூட்டர் திரையின் வலது மூலையில், கீழே, விரல் நீளத்துக்கு ஒரு சிவப்புக் கட்டம். 'அறியாத சாதனம் ஒன்று இணைய முயன்றது. தடுக்கப்பட்டது.' அதனடியில் சின்னதாக 'மூடு' என்ற சொல்.

அவள் கையிலிருந்த கம்பியைப் பார்த்தாள். பெட்டியின் விளக்குகள் ஒன்றுகூட எரியவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் யாரோ தன் வைஃபையைத் திருடப் பார்க்கிறார் என்று நினைத்துத்தான் அதைப் பிடுங்கினாள். இணைவதற்கு ஒன்றுமே இல்லாதபோது எதோடு இணைய வருகிறது இது?

மணி நாலு பதினொன்றுதான். ஆனால் காலையிலிருந்தே மழை கட்டி நின்றதால் அறைக்குள் விளக்குப் போட வேண்டிய இருட்டு. ஈரச் சுண்ணாம்பின் வாடை, சூடேறிய கம்ப்யூட்டரின் வாடை, வெளியே தகரக் கூரையில் தூறல் விழும் ஓசை, இவற்றுக்கெல்லாம் அடியில், கோணிப்பையைத் தரையில் இழுப்பதுபோல ஒரு உரசல். சர்ர்... நின்று, மறுபடி சர்ர். மழைத் தண்ணீர்க் குழாயில் இலை அடைத்திருக்கும் என்று சில வாரங்களாகவே நினைத்துக்கொண்டிருக்கிறாள். குழாய்க்காரரைக் கூப்பிட வேண்டும். எத்தனையைத்தான் ஒரு ஆள் பார்ப்பது.

ஆஸ்பத்திரி டாக்டர்கள் வாயால் சொல்லிப் பதிவு செய்து அனுப்பும் குறிப்புகளை, ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டு, தட்டச்சு செய்து திருப்பி அனுப்புவது அவள் வேலை. பதினாலு வருடமாக அதே மேசை, அதே ஜன்னலோரம். பதினொரு வாரத்துக்கு முன்னால் ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. நோயாளிகளின் விவரம் வெளியே கசியக் கூடாது, ஆகவே வீட்டிலிருந்து வேலை செய்பவர்கள் எல்லோரும் இந்தப் பாதுகாப்பு மென்பொருளை இன்று மதியத்துக்குள் போட்டே ஆக வேண்டும், இல்லையென்றால் நாளை முதல் கோப்பு வராது. போட்டாள். அன்றைக்குப் பிடித்தது சனி.

அதற்கு அவள் வைத்த பெயர் வாட்ச்மேன். திருடனுக்குச் சலாம் போட்டுவிட்டு வீட்டுக்காரனைக் கழுத்தைப் பிடிக்கும் வாட்ச்மேன். இதய அறுவைச் சிகிச்சை அறிக்கைகள் ஆறை வைரஸ் என்று பிடித்து உள்ளே போட்டது. நீங்கள் பரிசு வென்றிருக்கிறீர்கள் என்று வந்த மோசடிக் கடிதத்தை மட்டும் வாசல்வரை கொண்டுவந்து விட்டது. அவசரமாக ஒன்றை அனுப்பும்போதுதான் அதற்குக் கம்ப்யூட்டரை மூடித் திறக்க ஆசை வரும். நீக்கப் பார்த்தால் 'நிச்சயமாகவா?' என்று மூன்று முறை கேட்டுவிட்டு, நீக்காமல் அப்படியே இருக்கும். உதவி மையத்தை மூன்று தடவை அழைத்துவிட்டாள். மூன்று தடவையும் மூடித் திறக்கச் சொன்னார்கள்.

சிவப்புக் கட்டம் மறுபடி வந்தது. மூடினாள். மறுபடி வந்தது. மூடினாள்.

கம்பியைத் திரும்பச் செருகிவிட்டு நாலாவது தடவையாக உதவி மையத்தை அழைத்தாள்.

அதிசயமாக ஏழே நிமிடத்தில் ஒரு ஆள் கிடைத்தது. ஜலதோஷம் பிடித்த, நடுவயதுப் பெண் குரல். இடையிடையே மூக்கை உறிஞ்சிக்கொண்டது.

"சொல்லுங்க மேடம், என்ன பிரச்சனை?"

"உங்க சாமானே பிரச்சனைதான். வைஃபையைப் பிடுங்கிப் போட்டுட்டேன். அப்பவும் யாரோ உள்ள வரப் பாக்கறாங்கன்னு சொல்லுது. பேய் வருதா என்ன?"

அந்தப் பெண் சிரித்தாள். "சில பேருக்கு அப்படித்தான் தோணும் மேடம். உங்க ஸ்க்ரீனை நான் பாக்க அனுமதி குடுங்க. சத்தத்துக்கும் சேத்துக் குடுத்துடுங்க, எச்சரிக்கை ஒலி வருதான்னு பாக்கணும்."

இரண்டுக்கும் 'ஆம்' என்று அழுத்தினாள். கைபேசி வலது காதில், ஹெட்போனின் ஒரு பக்கம் இடது காதில். திரையில் அம்புக்குறி தானாக நகரத் தொடங்கியது. தன் மேசையில் வேறொருவர் கை நுழைந்து பொருள்களை எடுத்துப் பார்ப்பது மாதிரி இருந்தது அவளுக்கு. நாற்காலியைக் கொஞ்சம் பின்னே தள்ளிக்கொண்டாள்.

"வைஃபை இல்லாமயே வந்துச்சுன்னா, அது நேரா உங்க கம்ப்யூட்டரோடவே பேசுது மேடம். அப்படின்னா ரொம்ப தூரத்துல இருக்காது. வீட்டுக்குள்ளயே இருக்கணும். இருங்க, தடுப்புப் பட்டியலைத் திறக்கறேன்."

சாம்பல் நிறத்தில் ஒரு நீண்ட பட்டியல் விரிந்தது. தேதி, நேரம், தடுக்கப்பட்டது. தேதி, நேரம், தடுக்கப்பட்டது. அம்புக்குறி கீழே கீழே இழுத்துக்கொண்டே போனது.

"எல்லாமே ஒரே சாதனம்தான். தினமும் நாலு பத்துக்கு ஆரம்பிக்குது, நாலு ஐம்பத்திரண்டுக்கு நிக்குது. தினமும் முப்பத்தெட்டு தடவை. கூடவும் இல்ல, குறையவும் இல்ல." அவள் மூக்கை உறிஞ்சினாள். "வீட்டுல மணி மாதிரி, கேமரா மாதிரி ஏதாவது வெச்சிருக்கீங்களா?"

"ஒண்ணும் இல்ல. நான் ஒருத்திதான் இருக்கேன்."

"இந்த ஓரத்துல கட்டை கட்டையா இருக்கு பாருங்க. அது எவ்வளவு பக்கத்துலேர்ந்து வருதுன்னு காட்டும். மொத வாரமெல்லாம் ஒரே ஒரு கட்டை. வீட்டோட அந்தக் கோடியிலேர்ந்து, ரெண்டு சுவர் தாண்டி வர்ற மாதிரி. அப்புறம் ரெண்டு ஆகுது. போன வாரம் மூணு." அம்புக்குறி மேலே ஏறி இன்றைய தேதியில் நின்றது. "இன்னிக்கு நாலும் நிறைஞ்சிருக்கு."

"அப்படின்னா?"

"பக்கத்துலயே இருக்கு மேடம். கையெட்டற தூரம்."

அவள் மேசையைப் பார்த்தாள். பேனாக் கூடு. தண்ணீர் பாட்டில். காகிதங்கள். வேறு ஒன்றும் இல்லை. மழை கொஞ்சம் வலுத்தது. அந்த உரசல் சத்தம் மட்டும் இப்போது கேட்கவில்லை.

"சாதனத்துக்கு ஒரு பேரு வெச்சிருப்பாங்க. அதைப் பாத்தா யாரோடதுன்னு தெரிஞ்சிடும்," என்றாள் அந்தப் பெண். எதையோ தட்டினாள். "அட, தமிழ்லயே இருக்கே. 'சிட்டு வா'. சிட்டு வான்னு போட்டிருக்கு மேடம். உங்களோடதா?"

அவளைச் சிட்டு என்று கூப்பிட்டவன் உலகத்திலேயே ஒருவன்தான்.

அண்ணன் லிப்ட் மெக்கானிக்காக இருந்தவன். ஒன்பது வருடத்துக்கு முன்னால் இரண்டாவது மாடி உயரத்திலிருந்து லிப்ட் குழிக்குள் விழுந்தான். இடுப்புக்குக் கீழே எல்லாம் போயிற்று. வாய் மட்டும் போகவில்லை. "குழிக்குள்ள விழுந்தவன் எந்திரிச்சு வந்தா அவன் மெக்கானிக். நான் ரிட்டர்ன் ஆன பார்சல்," என்பான். முதல் இரண்டு வருடம் சக்கர நாற்காலியே வேண்டாம் என்று வீம்பு பிடித்தான். முழங்கைகளைத் தரையில் ஊன்றி, உடம்பை இழுத்து இழுத்து, நடைவழி முழுக்க ஊர்வான். அப்புறம் அந்தக் கைகளும் தளர்ந்து, கடைசி அறையில் கட்டிலோடு கிடந்தான்.

அவள் ஹெட்போன் மாட்டிவிட்டால் இடி விழுந்தாலும் கேட்காது. அதற்காக அவனே ஒரு வேலை செய்தான். பழைய லிப்டிலிருந்து கழற்றிய அழைப்புப் பொத்தான் ஒன்றை எடுத்து, ஒரு மைக்கோடு சோப்புப் பெட்டிக்குள் பொருத்தி, எதையெதையோ பற்றவைத்து, அவள் கம்ப்யூட்டரோடு பேசும்படி செய்துவிட்டான். அமுக்கினால் அவள் ஹெட்போனில் லிப்ட் வந்து நிற்கும் 'டிங்' ஒலி கேட்கும். பிறகு அவன் பேசுவது கேட்கும். "சிட்டு, தண்ணி." "சிட்டு, ஃபேனை நிறுத்து." சில நேரம் வேலையைக் கெடுப்பதற்காகவே, "சிட்டு, மூணாவது மாடி போகணும்."

பதினொரு வாரத்துக்கு முன்னால் போய்விட்டான். டீ எடுத்துக்கொண்டு ஐந்து மணிக்குப் போனவள்தான் பார்த்தாள். ஒரு கை கட்டிலுக்கு வெளியே தொங்கிக்கொண்டிருந்தது. இதயம் நின்றுவிட்டது, தூக்கத்திலேயே போயிருப்பார் என்றார் டாக்டர். பெரியக்கா வந்து அழுதாள். "புண்ணியம் பண்ணவன்டி, கஷ்டப்படாம போயிட்டான்." அந்தப் பொத்தான் பெட்டியை அவன் சட்டைப் பையில் வைத்துவிட்டவளும் பெரியக்காதான். அவனோடேயே அதுவும் போயிற்று. இவள் தன் கண்ணாலேயே பார்த்தாள்.

"அது என் அண்ணனோடது," என்றாள்.

"அப்பாடா. வீட்டு ஆளுதானா." அந்தப் பெண்ணுக்கு நிம்மதி. "சொல்லியிருந்தா மொத நாளே தீத்திருக்கலாமே மேடம்."

மொத நாள்.

"அந்த மொத நாளைக் காட்டுங்க," என்றாள். "பட்டியல்ல மொத நாள்."

அம்புக்குறி அடியாழம் வரை இறங்கி நின்றது. தேதியை அவள் வாசிக்க வேண்டியிருக்கவில்லை. அந்தத் தேதியை ஆஸ்பத்திரிச் சான்றிதழிலும், அதன் பிறகு எத்தனையோ படிவங்களிலும் எழுதி எழுதிக் கை மரத்திருக்கிறது.

நாலு பத்து. தடுக்கப்பட்டது. நாலு பத்து. தடுக்கப்பட்டது. நாலு பதினொன்று.

அன்று மதியம் அந்த மென்பொருளைப் போடும்போது அது கேள்வி மேல் கேள்வியாகக் கேட்டது. அறியாத சாதனங்களைத் தடுக்கவா? ஆம். எப்போதுமா? ஆம். ஆம், ஆம், ஆளை விடு. "புதுசா என்னமோ போடறியே, என் மணி வேலை செய்யுதான்னு பாத்தியா?" என்று உள்ளேயிருந்து அண்ணன் கத்தினான். "அதெல்லாம் செய்யும்," என்று கத்திவிட்டு ஹெட்போனை மாட்டிக்கொண்டாள்.

"அந்தக் கடைசிக் கட்டத்துல என்ன போட்டிருக்கு?" என்று கேட்டாள். எழுத்துகள் கலங்கித் தெரிந்தன.

"'பயனர் மூடினார்.' அதாவது எச்சரிக்கை உங்களுக்கு வந்திருக்கு. நீங்க மூடியிருக்கீங்க. அதையும் மூடியிருக்கீங்க. அதையும்." அம்புக்குறி ஒவ்வொரு வரியாக ஏறியது. "முப்பத்தெட்டையும் நீங்கதான் மூடியிருக்கீங்க மேடம்."

ஞாபகம் வந்தது. முழுவதும் வந்தது. எலும்பு முறிவு டாக்டரின் நீளமான பதிவு. மூலையில் ஓயாமல் முளைத்த சிவப்புக் கட்டம். கொசுவை அடிப்பதுபோல அதை மூடியது. பல்லைக் கடித்துக்கொண்டு மூடியது. சனியனே என்று வாய்விட்டுத் திட்டி மூடியது. நாலு ஐம்பத்திரண்டுக்குப் பிறகு அது வராமல் போனதும், அப்பாடா என்று சோம்பல் முறித்தது.

தூக்கத்திலேயே போகவில்லை அவன்.

நாற்பத்திரண்டு நிமிடம்.

"மேடம்? இருக்கீங்களா? இதோ, இப்பவும் வருது பாருங்க."

சிவப்புக் கட்டம். 'அறியாத சாதனம் ஒன்று இணைய முயன்றது.'

"என்ன செய்யட்டும் மேடம்? தடுத்தே வெச்சிடட்டுமா, விட்டுடட்டுமா?"

மணி நாலு நாற்பத்தொன்று. அவள் விரல் பழக்கத்தில் மவுஸை நோக்கிப் போனது. மூடு. அந்தச் சொல்லின் மேல் போய் நின்றது. பயமாக இருந்தது. அதைவிடப் பெரிதாக வேறொன்றும் நெஞ்சுக்குள் இருந்தது. கையை எடுத்துக்கொண்டாள்.

"விடுங்க," என்றாள். "உள்ள விடுங்க."

"அனுமதிச்சுட்டேன். இனிமே உங்களுக்கு எந்தத் தொந்தரவும் இருக்காது."

டிங்.

இடது காதில், ஹெட்போனில். லிப்ட் வந்து நிற்கும் ஒலி.

அதன்பின் மூச்சு. உள்ளே போகாமல் தொண்டையிலேயே முட்டித் திரும்பும் மூச்சு. ஈரமான, கரகரக்கும் மூச்சு.

"சிட்டு..."

அவள் அசையவில்லை.

"சிட்டு, நெஞ்சை அடைக்குது. கொஞ்சம் வாயேன்."

டிங்.

"சிட்டு, வேலை இருந்தா முடிச்சுட்டு வா. ஆனா சீக்கிரம் வா."

கைபேசியில் அந்தப் பெண்ணின் குரல் மாறியிருந்தது. "மேடம், யாரு அது? எனக்கும் கேக்குது. மூச்சு விட முடியலன்னு சொல்றாரே! எந்த ரூம்ல இருக்காரு? எந்திரிச்சுப் போங்க மேடம், மொதல்ல போய்ப் பாருங்க!"

"போக முடியாது."

"ஐயோ, ஏன் மேடம்? உங்க அண்ணன்தானே?"

"அவன் செத்துப் பதினொரு வாரம் ஆச்சு."

மறுமுனையில், தூரத்தில் வேறு யாரோ வேறு யாருக்கோ, மூடித் திறக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

டிங். "சிட்டு." டிங். "சிட்டு." டிங்.

"அது பழைய பதிவு," என்றாள் அவள். தனக்கே சொல்லிக்கொண்டாள். "அன்னிக்குப் பேசினது எங்கேயோ மாட்டிக்கிட்டு இருந்திருக்கு. நீங்க விட்டதும் வருது. அவ்வளவுதான். இல்லையா? சொல்லுங்க. அப்படி ஆகும்தானே?"

"மேடம்." அந்தப் பெண் மிக மெதுவாகப் பேசினாள், பக்கத்தில் தூங்குகிறவரை எழுப்பிவிடக் கூடாது என்பதுபோல. "மொத ரெண்டு தடவைதான் கம்ப்யூட்டர் வழியா வந்துச்சு. இப்ப அதுல சத்தமே இல்ல. சத்தத்தைக் காட்டற கோடு படுத்துக் கிடக்கு, நீங்களே பாருங்க."

"பின்ன?"

"உங்க போன் வழியா கேக்குது மேடம். நீங்க இருக்கற ரூம்லேர்ந்து."

அவள் ஹெட்போனைக் கழற்றினாள்.

மூச்சு நிற்கவில்லை.

"நான்... நான் மேலதிகாரிக்கு மாத்தறேன். லைன்லயே இருங்க," என்றாள் அந்தப் பெண். அழுதுவிடுவாள் போலிருந்தது. ஏதோ சொடுக்கியது. மெல்லிய வாத்திய இசை தொடங்கியது. பூங்காவில் குழந்தைகள் விளையாடும்போது போடுகிற மாதிரி, சந்தோஷமான இசை.

கைபேசியை மேசைமேல் வைத்தாள். இசை ஓடிக்கொண்டிருந்தது.

நடைவழியைத் திரும்பிப் பார்த்தாள். கோடி அறையின் கதவு அவள் பூட்டியபடியேதான் இருந்தது. அங்கிருந்து இங்குவரை தரையில் ஈரமில்லை, ரத்தமில்லை, ஒன்றுமில்லை. தூசி மட்டும். பதினொரு வாரம் பெருக்க மனமில்லாமல் விட்ட தூசி. அதன் நடுவில், ஒரு ஆளின் நெஞ்சகலத்துக்கு, துடைத்துவிட்டதுபோலச் சுத்தமான ஒரு பாதை. இரண்டு ஓரத்திலும் முழங்கை ஊன்றிய குழிகள். ஒரு நாளைக்கு ஒரு முழம்கூட இல்லை. அரை முழம். கால் முழம். பூட்டிய கதவின் அடியிலிருந்து தொடங்கி, நடைவழியைக் கடந்து, இந்த அறைக்குள் வந்து, அவள் நாற்காலிக்குப் பின்னால் வளைந்து, மேசைக்கு அடியில் போய் முடிந்தது.

தினமும் வந்திருக்கிறான். அவள் தட்டச்சு செய்துகொண்டிருக்கும்போது. அவள் மூட மூட.

காலை இழுத்துக்கொள்ள நினைத்தாள். கால் வரவில்லை.

மேசைக்கு அடியில் இருட்டு. அவள் குனியவில்லை.

"அண்ணா," என்றாள். உதடு மட்டும்தான் அசைந்தது.

மூச்சு ஒரு கணம் நின்றது. கேட்டுவிட்டதுபோல.

"நான் இங்கதான் இருக்கேன். எனக்குத் தெரியல அண்ணா. சத்தியமா தெரியல."

மூச்சு மறுபடி தொடங்கியது. முட்டியது. திரும்பியது. அவன் இன்னும் அந்தச் சாயங்காலத்திலேயே இருக்கிறான் என்று அவளுக்குப் புரிந்தது. அவள் சொன்னது எதுவும் அவனுக்குப் போய்ச் சேரவில்லை.

நாலு ஐம்பத்தொன்று.

கண்ணை மூடிக்கொண்டாள். நாற்காலியின் ஓரமாகத் தன் வலது கையைத் தொங்கவிட்டாள். கொஞ்சம் கொஞ்சமாக. மேசைக்கு அடியில். உள்ளங்கையை விரித்து.

முதலில் குளிர்தான் பட்டது. பிறகு விரல்கள். தேய்ந்து, தோல் உரிந்து, நுனி மழுங்கிப்போன விரல்கள். அவள் மணிக்கட்டைத் தடவிக் கண்டுபிடித்தன. பிடித்துக்கொண்டன. விடாப்பிடியாகப் பிடித்துக்கொண்டன.

நாலு ஐம்பத்திரண்டு. மூச்சு நின்றது.

கை விடவில்லை.

இசை ஓடிக்கொண்டிருந்தது. இருட்டுக்குள் ஒரு கட்டைவிரல் மட்டும் பொத்தானைத் தேடுவதுபோல அவள் உள்ளங்கையின் நடுவுக்கு வந்து நின்றது. அழுத்தியது. எடுத்தது. கொஞ்சம் காத்திருந்தது. அழுத்தியது. எடுத்தது. காத்திருந்தது. அழுத்தியது.